படகு வாங்கியாச்சு, யார் ஓட்டி வருவது?

பழைய பாய்மரப் படகு வாங்கியவர்கள், வாங்க நினைப்பவர்கள், வாங்கியவரோடு குடும்பம் நடத்துபவர்கள் என்று இந்த மாதக் கடிதங்கள் எல்லாம் ஒரே துறையிலிருந்து புறப்பட்டு வந்திருக்கின்றன. பிறர் வாங்கிய படகுகளை மலாக்கா நீரிணை வழியே ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். அதனால் பதில்களும் பெரும்பாலும் அந்தக் கடலை ஒட்டியே இருக்கும்.

கேள்வி: லங்காவியில் 1980களில் கட்டிய 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது. நீங்கள் கிள்ளானுக்குக் கொண்டுவந்து கொடுத்தால், மாதக் கடைசிச் சனிக்கிழமை உறவினர்களை அழைத்துப் பூஜை போட்டுவிடுவேன். முடியுமா, கேப்டன்? (கிள்ளான்)

பதில்: கொண்டுவர முடியும். சனிக்கிழமைக்கு என்றால் முடியாது. கடலில் புறப்படும் நாளை நாம் குறிக்கலாம். சேரும் நாளைக் காற்றும் ஓதமும் படகின் வயதும் கூடிப் பேசிக் குறிக்கும். விருந்தினர் காத்திருக்கிறார்கள் என்பதற்காகப் புறப்படக்கூடாத இரவில் புறப்பட்ட படகுகளை எனக்குத் தெரியும். படகு வந்து கட்டிய பிறகு நல்ல நாள் பாருங்கள்.

இன்னொன்று. "கொண்டுவந்து கொடுத்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவருடைய படகை நான்கு நாளில் அவர் துறையில் கொண்டுபோய்க் கட்டினேன். கயிறுகளை நானே முடிந்தேன், சாவியைக் கொடுத்தேன், கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பதினான்கு மாதம் கழித்து வேறொரு படகோடு அதே துறைக்குப் போனால், அந்தப் படகு அங்கேயே நிற்கிறது. கயிற்றில் பாசி. முடிச்சு நான் போட்டது. யாரும் அவிழ்க்கவே இல்லை. உரிமையாளருக்கு ஆசை இல்லாமல் இல்லை. வாரம் தவறாமல் வந்து மேல்தளத்தைக் கழுவி, உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவாராம். ஓட்டுவதற்குப் பயம். அந்தப் பயத்தை அந்த நான்கு நாளில் போக்கியிருக்கலாம். அவரை ஏற்றிக்கொள்ளாமல் வந்தது என் தவறு.

அன்றிலிருந்து, உரிமையாளர் கூட வராத படகை நான் எடுப்பதில்லை. நீங்களும் ஏறுங்கள். சுக்கானை நான் தொடுவதைவிட அதிக நேரம் நீங்கள் தொடுவீர்கள்.

கேள்வி: கோலா பெர்லிஸிலிருந்து கிள்ளானுக்கு நெடுஞ்சாலையில் ஐந்தாறு மணி நேரம். கடலில் குறுக்கே சிக்னல்கூட இல்லை. ஒரு வாரம் ஆகும் என்கிறீர்களாமே, எதற்கு? (ஈப்போ)

பதில்: 36 அடிப் படகு நிதானமாக ஓடினால் 5 நாட் வேகம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர், அதாவது கடைக்குப் போகும் சைக்கிளின் வேகம். இயந்திரத்தை முறுக்கினால் டீசல்தான் குறையும். நீரில் அமர்ந்திருக்கும் நீளம்தான் இத்தகைய படகின் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கிறது. 36 அடிப் படகு 7 நாட்டுக்கு மேல் போக மறுக்கும்.

லங்காவியிலிருந்து போர்ட் கிள்ளான் வரை சுமார் 200 கடல் மைல். ஓடும் நேரம் 40 மணி. புது உரிமையாளரோடு முதல் இரவுகளில் நான் ஓடுவதில்லை. விடியுமுன் கிளம்பிப் பினாங்கு, அங்கே ஒரு நாள், பிறகு பங்கோர், அங்கே ஒரு நாள், கடைசியாகக் கிள்ளான். நிற்கும் நாள்களில் ஓடிய நாளில் உடைந்ததைச் சரிசெய்வோம். முதல் நாள் எதுவுமே உடையாத பழைய படகை நான் இன்னும் பார்க்கவில்லை. இதே பாதையில், எதிர்த்திசையில், 1990 முதல் ராஜா மூடா பாய்ப்படகுப் போட்டி நடக்கிறது. அவர்களும் பங்கோரிலும் பினாங்கிலும் நின்றுதான் லங்காவி போகிறார்கள்.

கேள்வி: லாரியில் ஏற்றிவிட்டால்? (தைப்பிங்)

பதில்: ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், ஆனால் லங்காவி தீவு என்பதால் அந்த வண்டியைப் பிடிக்கவே கடலைத் தாண்ட வேண்டும். அதோடு பாய்மரத்தைக் கழற்ற வேண்டும், இரண்டு முனையிலும் கிரேன் வேண்டும், பிறகு மரத்தை நிறுத்தி எல்லாக் கம்பிகளையும் திரும்ப முறுக்க வேண்டும். டிரெய்லரில் உட்காரும் சின்னப் படகுக்கு லாரி சரி. அடியில் கனத்த ஈயமோ இரும்போ தொங்கும் 36 அடிக்குக் கடல்தான் சாலை.

கேள்வி: வாங்குமுன் சர்வேயர் முழுக்கப் பார்த்து, "நல்ல நிலை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்கள் வந்து மறுபடியும் இரண்டு நாள் பார்ப்பேன் என்கிறீர்களாமே? (பட்டர்வொர்த்)

பதில்: அவர் நின்ற படகைப் பார்த்தார். நான் ஓடப்போகும் படகைப் பார்க்கிறேன். மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பார்; ஏர் பூட்டுகிறவர் குளம்பு பார்ப்பார்.

முதலில் படகின் வயிற்றில் உள்ள ஓட்டைகளை எண்ணுவேன். இயந்திரத்துக்குக் கடல்நீர் இழுக்க ஒன்று, கழிவறைக்கு இரண்டு, அடுப்படித் தொட்டிக்கு ஒன்று, மேல்தள நீர் வடிய இரண்டு மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்கும். பத்து வருடம் திறந்தே கிடந்த வால்வு மூட மறுக்கும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் கையோடு வந்துவிடும். கடலுக்கு ஏற்ற வெண்கலத்துக்குப் பதில் யாராவது மலிவான பித்தளை போட்டிருந்தால், உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்று, உலோகம் இளஞ்சிவப்பாகி, பிஸ்கட் போல உதிரும். ஒவ்வொரு வால்வின் அருகிலும் அந்த ஓட்டைக்கு ஏற்ற கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். குழாய் கழன்றால் அதை அடித்து இறுக்கலாம். சில ரிங்கிட் விலை. படகு முழுவதையும் காக்கும்.

பிறகு பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகள். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர். வெப்பக் கடலில் அதுவும் முடிச்சுவாயில் வெடிக்கும். கம்பி நுழையும் இடத்தில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றாமல் பாய் ஏற்ற மாட்டேன். வயது 10 முதல் 15 வருடத்தைத் தாண்டியிருந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றச் சொல்வேன். ரசீது இல்லையென்றால் வயது தாண்டிவிட்டது என்றே கணக்கு.

கடைசியாகச் சுக்கான், நங்கூரச் சங்கிலியின் உள்முனை, சமையல் எரிவாயு. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாது, படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும். பொறி ஒன்று போதும். சமைத்து முடித்ததும் உருளையின் வாயை மூடுவது என் படகுகளில் மாற்ற முடியாத சட்டம்.

கேள்வி: எங்கள் படகின் இயந்திரம் ஒரே திருகில் உயிர்பெறுகிறது. விற்றவர் என் முன்னாலேயே அரை மணி ஓட்டிக் காட்டினார். அதையும் சந்தேகப்படலாமா? (பினாங்கு)

பதில்: இயந்திரத்தைச் சந்தேகிக்காதீர்கள். அது குடிப்பதைச் சந்தேகியுங்கள்.

பல மாதம் துறையில் நின்ற படகின் டீசல் தொட்டி பாதி காலியாக இருக்கும். பகல் வெயிலும் இரவு ஈரமும் மாறி மாறி வர, காலியான பாதியில் நீர்த்துளி வேர்த்து, டீசலுக்கு அடியில் தங்கும். மலேசிய டீசலில் செம்பனையிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இன்னும் இழுக்கும். டீசலும் நீரும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் குடியேறும். அவை பெருகிச் செத்துக் கறுப்புச் சேறாகும். துறை அமைதியானது, சேறு அடியில் தூங்கும். விற்றவர் ஓட்டிக் காட்டிய அரை மணியில் அது விழிக்கவே இல்லை. கடலில் முதல் நல்ல அலை தொட்டியைக் கலக்கியதும் மொத்தச் சேறும் எழுந்து ஃபில்டரை அடைக்கும், இயந்திரம் நிற்கும். அலை எழும் இடம் எது? ஆற்று முகம், ஓதம் மோதும் கால்வாய் வாய், கப்பல் தடத்தின் ஓரம். நிற்கவே கூடாத இடத்தில்தான் இயந்திரம் நிற்கும் என்று மாலுமிகள் விதியை நோவார்கள். விதி இல்லை, சேறு.

எனக்கு அது போர்ட் கிள்ளானுக்கு வெளியே நடந்தது. பெரிய ஓதத்தில் அங்கே நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அவ்வளவு நீரும் ஓட வேண்டும் அல்லவா, நீரோட்டம் அப்படி இழுக்கும். காற்று இல்லை. இயந்திரம் இருமிவிட்டு நின்றது. நங்கூரம் போட்டு, ஃபில்டர் மாற்றி, குழாயில் புகுந்த காற்றைத் திருகு தளர்த்தி வெளியேற்ற எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. நங்கூரம் உடனே இறங்கும்படி தயாராக இருந்ததால்தான் இருபத்தைந்து நிமிடம் கிடைத்தது.

ஆகவே புறப்படுமுன் தொட்டியைத் திறந்து அடிச்சேற்றை உறிஞ்சி எடுங்கள். ஃபில்டர் அரை டஜன் வாங்குங்கள். குளிர்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் இரண்டு. ஃபில்டர் மாற்றிக் காற்று எடுப்பதைத் துறையில் நிற்கும்போதே மூன்று முறை உங்கள் கையால் செய்ய வைப்பேன். மூன்றாவது முறை, கண்ணைக் கட்டிக்கொண்டு.

கேள்வி: பாய்மரப் படகுக்கு ஏன் இவ்வளவு டீசல் பேச்சு? (சென்னை)

பதில்: ஒரு பக்கம் தீபகற்பம், மறு பக்கம் சுமத்ரா. இரண்டு பருவக்காற்றையும் இரண்டு நிலங்களும் மறித்துவிடுவதால் நீரிணையில் பாய் பாதி நாள் தூங்கும். வடகிழக்குப் பருவத்தில் கரைக்காற்று கொஞ்சம் கை கொடுக்கும்.

கேள்வி: அப்படி அமைதியான கடலில் எதற்குப் பயம்? (மதுரை)

பதில்: அந்த அமைதியை விடியற்காலையில் "சுமத்ரா" கலைக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ரா பக்கத்திலிருந்து இடிமேகங்கள் வரிசை கட்டி நீரிணையைக் கடந்து வரும். பெரும்பாலும் பின்னிரவிலிருந்து காலை வரை. மேற்கே நட்சத்திரங்கள் வரிசையாக அணைந்துகொண்டே வந்தால் அது வருகிறது. முதலில் காற்று முற்றிலும் நிற்கும், பிறகு குளிர்ந்த ஒரு மூச்சு முகத்தில் படும், அடுத்த நிமிடம் படகு சாயும். பிறகு மழை, படகின் முன்முனையான அணியம்கூடத் தெரியாது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் போய்விடும்.

பாயைச் சுருக்கலாமா என்று முதல்முறை தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும். மாலை இருட்டுமுன், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பெரிய பாயை ஒரு மடிப்பு குறைத்துவிடுவேன். இரவில் அரை நாட் வேகம் இழப்போம். இழக்கலாம். மின்னல் நெருங்கினால் கைப்பேசி, கையடக்க ஜி.பி.எஸ்., கை ரேடியோ மூன்றையும் அடுப்பின் இரும்புக்கூட்டுக்குள் வைத்து மூடுவோம். உலோகப் பெட்டி என்பதால் கொஞ்சமாவது காக்கும்.

கேள்வி: நீராவிக் கப்பல், எண்ணெய்க் கப்பல் எல்லாமே பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்று பள்ளியில் படித்தேன். பிறகென்ன கவலை? (சிங்கப்பூர்)

பதில்: பாதிப் பாடம் படித்திருக்கிறீர்கள். இயந்திரத்தைப் போட்ட கணமே உங்கள் படகு பாய் விரித்திருந்தாலும் விசைப்படகுதான். பகலில் அதற்கு அடையாளமாக முனை கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு ஒன்று கட்ட வேண்டும். அடுத்து, ஒன் ஃபாதம் பாங்க் கலங்கரை விளக்கப் பகுதியிலிருந்து சிங்கப்பூர் வரை கப்பல்களுக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று தடம் பிரித்திருக்கிறார்கள். சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின் 10-ஆம் விதிப்படி, அந்தத் தடத்தில் போகும் கப்பலுக்குப் பாய்மரப் படகும், 20 மீட்டருக்குக் குறைந்த எந்தப் படகும் இடைஞ்சல் செய்யக்கூடாது. கடக்கத்தான் வேண்டுமென்றால் செங்குத்தாக, வேகமாக.

விதியைவிடக் கணக்கு பெரியது. 20 நாட் வேகக் கப்பல் 5 கடல் மைலை 15 நிமிடத்தில் கடந்துவிடும். மூட்டமான நாளில் அடிவானத்தில் ஒரு நிழலைப் பார்த்து, உள்ளே போய் மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வருவதற்குள் அது தலைக்கு மேல் நிற்கும். மேல்தளத்தில் எப்போதும் ஒருவர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிலும் முழு வட்டம் பார்க்க வேண்டும். பின்புறமும்.

கேள்வி: பினாங்குப் பாலத்தில் பாய்மரம் இடிக்காதா? (சுங்கைப்பட்டாணி)

பதில்: இடிக்காது. பாலத்தின் நடுக்கண் நீர்மட்டத்துக்கு மேல் 30 மீட்டர் போல உயரம். 36 அடிப் படகின் மரம் 15, 16 மீட்டர்தான் இருக்கும். தலைக்கு மேலே பார்த்தபடி வருகிறவர்கள் அடியில் சேற்றில் உட்காருகிறார்கள். உயரம், ஆழம், நீளம் மூன்றையும் அளந்து சுக்கான் முன் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: என் கணவர் 55 வயதில் எடுத்த ஈ.பி.எஃப். பணத்தில் என்னைக் கேட்காமல் படகு வாங்கிவிட்டார். "நீ சும்மா உட்கார்ந்து வா, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். போகலாமா, அண்ணா? (செரம்பான்)

பதில்: கேட்காமல் வாங்கியது தவறுதான், தங்கச்சி. நான் அவரிடமே சொல்வேன்.

சும்மா உட்கார்ந்து மட்டும் போகாதீர்கள். இரண்டு பேர் உள்ள படகில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மிஞ்சியவர்தான் கேப்டன். விழுந்தவர் அவர் என்றால் கேப்டன் நீங்கள். அதனால் முதல் நாளே நான்கு வேலை கற்றுக்கொள்ளுங்கள். மிதவையை எறிந்து, விழுந்தவரைக் கண்ணால் விடாமல் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பது. பாயை இறக்குவது. இயந்திரத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும். ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து என்று சொல்வது. பினாங்கு போய்ச் சேருமுன் இவை நான்கும் கைக்கு வந்துவிடும். ஒரு பெரிய தேங்காயைக் கடலில் எறிந்து, அதை நீங்கள் தனியாகப் போய் எடுத்துவரும்வரை பயிற்சி கொடுப்பேன். அந்த நேரத்தில் உங்கள் கணவர் வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை.

இப்படிக் கற்ற பெண்கள் பலர், அடுத்த பயணத்துக்கு நாள் பார்ப்பவர்களாக மாறியதைக் கண்டிருக்கிறேன். கடல் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தாலும் பிழையில்லை. பயந்து மறுப்பதைவிடத் தெரிந்து மறுப்பது நல்லது.

கேள்வி: படகின் பழைய பெயரை மாற்றினால் ஆகாது என்கிறார்கள். என் மகள் பெயரை வைக்க ஆசை. (ஜொகூர் பாரு)

பதில்: மகள் பெயரையே வையுங்கள். பெயர் மாற்றுவதில் கேடில்லை, பாதியில் நிறுத்துவதில்தான் கேடு. ரேடியோவுக்குள் 9 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கும்; ஆபத்துப் பொத்தானை அமுக்கினால் அந்த எண்தான் போகும். செயற்கைக்கோள் வழி அபாயக் குறி அனுப்பும் ஈபெர்ப் கருவியும் யாரோ ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும். மாற்றவில்லையென்றால் நீங்கள் மூழ்கும் நேரத்தில் மீட்பு மையம் பழைய உரிமையாளரைக் கூப்பிடும். அவர் தன் வீட்டு வரவேற்பறையிலிருந்து, "நான் நலமாக இருக்கிறேன்" என்பார். பின்புறப் பலகையில் பெயிண்ட் காயுமுன் இந்த இரண்டையும் மாற்றி, ஈபெர்ப் மின்கலத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

காகிதம் பற்றி இன்னும் ஒன்று: லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. அங்கே வாங்கிய படகைப் பெருநிலத்துக்கு நகர்த்துமுன் சுங்கத்துறையிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: படகு என்னுடையது. பயணத்தில் தலைவர் யார்? (ரவாங்)

பதில்: கயிறு அவிழ்ந்தது முதல் கட்டும்வரை நான். இதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே ஏறுவேன். "திரும்பிப் போவோம்" என்று நான் சொன்னால் விவாதம் கரையில்தான்.

கேள்வி: கூலியை நாளுக்கு என்று கேட்கிறீர்கள். மொத்தமாக ஒரு தொகை பேசினால் என்ன? வழியில் உடைந்தால் யார் செலவு? (காப்பார்)

பதில்: மொத்தத் தொகை பேசியவனுக்கு ஒவ்வொரு நாளும் நட்டம். மேகத்தைப் பார்த்தும் கிளம்புவான். நாள்கூலி வாங்குபவன் ஒரு நாள் காத்திருப்பான். அந்த ஒரு நாள் உங்கள் படகுக்கு நீங்கள் கட்டும் காப்பீடு. டீசல், துறைக் கட்டணம், உணவு, என் வழிச்செலவு உங்களுடையது. தேய்ந்து உடைந்தது படகின் செலவு. என் கவனக்குறைவால் உடைந்தது என் செலவு. உண்மையான காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதுங்கள். யார் ஓட்டுகிறார், அவர் அனுபவம் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். சொல்லாமல் கிளம்பிய படகுக்குப் பணம் வராது.

கேள்வி: நான் மீனவன். உங்களைப் போன்ற படகுகள் என் வலையை அறுத்துவிட்டு நிற்காமல் போகின்றன. இதற்கு என்ன பதில்? (பங்கோர்)

பதில்: மன்னிப்புதான் முதல் பதில். ஒரு வலையின் விலை என்ன, அதைப் பிணைய எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும்.

என்னோடு வரும் ஒவ்வொரு உரிமையாளருக்கும் இதைச் சொல்கிறேன்: இரண்டு கொடிகளைக் கண்டால் நடுவே போகாதே, இரண்டும் ஒரே வலையின் முனைகளாக இருக்கலாம், சுற்றிப் போ. பக்கத்தில் படகு நின்றால் அருகே போய்க் கைகாட்டிக் கேள், அவர் வழி காட்டுவார். உங்களில் எத்தனையோ பேர் எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். தவறிச் சிக்கிவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, நீரில் இறங்கி, சுற்றிய பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, வலைக்காரருக்கு ஈடு கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முனைக் கொடியில் இரவு மினுக்கும் சிறு விளக்கு கட்டுகிற பழக்கம் எல்லாரிடமும் வந்தால் இரு பக்கமும் பிழைப்போம்.

கேள்வி: வாங்கிய படகை வாங்கியவருக்காக ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பது வெள்ளைக்காரர்களின் தொழில் போலத் தெரிகிறது. நம்மவர்கள் செய்திருக்கிறார்களா? (டொராண்டோ)

பதில்: செய்திருக்கிறார்கள், நான் கனவுகூடக் காண முடியாத தூரத்துக்கு. வல்வெட்டித்துறையில் 1930-ல் கட்டிய "அன்னபூரணி அம்மாள்" என்ற 89 அடிப் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். 1937-ல் புறப்பட்டு, சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடல் தாண்டி, அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் அதைக் கொண்டுபோய்க் கட்டியவர்கள் தண்டையல் (கப்பல் தலைவர்) தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும். அங்கே கப்பலுக்கு "ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்" என்று பெயர் மாறியது.

இதில் என்னைத் தொடுவது ஒன்று உண்டு. வாங்கியவர் கற்றுக்குட்டி இல்லை. 32 அடி "ஸ்வாப்" படகில் 1928 முதல் 1931 வரை உலகையே சுற்றி வந்தவர். அவர் வாங்கிய கப்பலையும், அதன் பாயையும் மரத்தையும் பிறந்தது முதல் அறிந்த ஊர்க்காரர்கள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இத்தனை கடல் பார்த்தவருக்கே அது தேவைப்பட்டது என்றால், முதல் படகு வாங்கியவர் துணை கேட்பதில் கூச்சம் எதற்கு?

கேள்வி: பழைய படகு என்றாலே பொல்லாதா? (கோயம்புத்தூர்)

பதில்: தெரியாத படகுதான் பொல்லாது. உலகை முதன்முதலில் தனியாகச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம், வயலில் முட்டுக் கொடுத்து நின்ற "ஸ்ப்ரே" என்ற பழைய படகை 13 மாதம் உழைத்துப் பலகை பலகையாகப் புதுப்பித்தார். 1895-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பி 1898-ல் திரும்பினார். அந்தப் படகில் அவர் கை படாத பலகை இல்லை.

கேள்வி: கடல் மயக்கத்துக்கு என்ன செய்வது? (தஞ்சாவூர்)

பதில்: மாத்திரையை வாந்திக்கு முன் போடுங்கள், பின் அல்ல. இஞ்சி. கண் அடிவானத்தில், கை சுக்கானில். சுக்கான் பிடித்தவருக்கு மயக்கம் குறைவு; உரிமையாளரிடம் அதைக் கொடுக்க எனக்கு இன்னொரு காரணம்.

கேள்வி: தூத்துக்குடித் தோணிக் குடும்பம். தாத்தா தண்டல். எனக்கு உங்கள் தொழிலுக்கு வர ஆசை. எங்கே தொடங்க? (தூத்துக்குடி)

பதில்: தாத்தாவிடம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போன காலத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம் பற்றி அவர் சொல்வது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. பிறகு ஒரு டீசல் மெக்கானிக்கிடம் ஆறு மாதம். பிறகு யாருடைய படகிலாவது கூலியில்லாத கையாளாக ஏறி, ஒவ்வொரு மைலையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிரிட்டிஷ் பாய்ப்படகுச் சங்கத்தின் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு 2,500 கடல் மைலும் 50 நாளும் கடலில் கழித்த கணக்கு கேட்பார்கள். இவ்வளவும் ஆன பிறகு எனக்கு எழுதுங்கள், பினாங்கு வரைக்கும் வாருங்கள். உண்மையாகவே ஆள் தேவை.

கேள்வி: முதல் கடிதம் எழுதியவன்தான். உங்கள் பதிலைத் தொலைபேசியில் கேட்டதும் மனைவியிடம் பேசினேன். பூஜையைத் தள்ளி வைத்துவிட்டோம். நானும் வருகிறேன். என்னென்ன கொண்டுவரட்டும்? (கிள்ளான்)

பதில்: மடித்து வைக்கக்கூடிய துணிப்பை ஒன்று, சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், படகில் அதை வைக்க மூலையே இல்லை. முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, வெள்ளை அடி உள்ள காலணி, சிவப்பு ஒளியும் தரும் தலைவிளக்கு. சிவப்பு ஒளியில் வரைபடம் பார்த்தால் கண் இருட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு பென்சில். பேனா மழையில் அழும். இஞ்சி. உங்கள் அம்மா கட்டிக் கொடுக்கும் புளிச்சோறு மூன்று பேர் அளவுக்கு, முதல் நாளில் யாருக்கும் சமைக்கத் தோன்றாது.

லங்காவிக்குப் போகும் விமானச் சீட்டை எடுத்துவிடுங்கள். திரும்பி வேலைக்குப் போகும் தேதியை மட்டும் அலுவலகத்தில் இப்போதே சொல்லாதீர்கள்.